உழைச்செல்வோர்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவன் ஒரு கூறு. நோய் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நான்காவதாக அவர் வைப்பது, நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைப் பிழையாமல் கொடுக்கும் துணைவனை. அவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்றால் பக்கம். பக்கத்தே செல்பவன் என்று பொருள். இந்தத் துணைவனுக்கு இருக்கவேண்டிய பண்புகளைப் பரிமேலழகர் நான்காக எண்ணிச் சொல்கிறார்: நோயாளியிடத்தில் அன்பு, மனம், மொழி, மெய் மூன்றும் தூயனவாதல், சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு.

அன்போடு தொடங்கிய உரையாசிரியர் அறிவோடு முடித்திருக்கிறார். தொண்டு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் அன்பைப் புகழ்கிறோம், தியாகத்தைப் புகழ்கிறோம், மாலை சூட்டுகிறோம். அந்தத் தொண்டன் ஊரைவிட்டுப் போனபின் ஊராரிடம் என்ன அறிவு எஞ்சியது என்று கேட்போர் மிகச் சிலரே. வறியவருக்கும் எட்டாத ஊர்களில் வாழ்வோருக்கும் செய்யப்படும் மருத்துவத் தொண்டை நிறுத்துப் பார்க்க இக்கேள்வியே தக்க தராசு என்று நான் எண்ணுகிறேன். ஈச்சிலம்பற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, நம் நாட்டிலும் அயலிலும் நிகழ்ந்த சில தொண்டுகளை இந்தத் தராசில் இட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறும் காடும் கடலும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது. குடாவின் தென்கரையில் மூதூர். அதனையும் கடந்து தெற்கே சென்றால், வெருகலாற்றை அடைவதற்கு முன்னே வருவது ஈச்சிலம்பற்று. மகாவலி கங்கையின் கிளைகளுள் ஒன்று வெருகலாறு. அதன் கரையிலே சித்திர வேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். ஆற்றைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டத்துக் கதிரவெளியும் வாகரையும். கிழக்கே கடல், மேற்கே வயலும் காடும். நெல்லும் சேனைப்பயிரும் கால்நடையும் மீனும் தேனும் தரும் வாழ்வே இப்பகுதி மக்களின் வாழ்வு.

பற்று என்னும் சொல் கிழக்கிலங்கையில் நிலப்பிரிவைக் குறிக்கும். கொட்டியாபுரப்பற்று, கோறளைப்பற்று, மண்முனைப்பற்று என்பன யாவரும் அறிந்த பெயர்கள். அச்சொல்லுக்கு அன்பு என்றொரு பொருளும் உண்டு. மாவட்டத் தலைநகருக்கு எட்டத்திலே கிடக்கும் இந்தப் பற்றின்மேல் ஆட்சியாளர் பற்றுக்கொண்ட காலம் அரிது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையேயுள்ள கரையோர வீதியில், நம்மவர் ‘பாதை’ என்று வழங்கும் மிதவையில் ஏறித்தான் நெடுங்காலம் துறைக்குத் துறை நீரைக் கடக்கவேண்டியிருந்தது. போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டை ஒட்டியும் அதன் பின்னருமே அவ்வழியில் புதிய பாலங்கள் பல எழுந்தன. பேறுகால வேதனையிலே துடிக்கும் பெண்ணுக்கும், வயலில் பாம்பு தீண்டிய உழவனுக்கும் அந்தத் துறைகளில் கழிந்த நாழிகை ஒவ்வொன்றும் உயிரின் விலை அன்றோ!

தொண்டு இந்த மண்ணுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் வெருகல் வழியாகவே செல்கின்றனர். அவர்களுக்கு நீரும் சோறும் அளித்து, புண்பட்ட பாதத்துக்கு மருந்திட்டு அனுப்புவது வழிநெடுக உள்ள ஊராரின் மரபு. ஊர்ப் பரியாரியார் வெற்றிலையில் வைத்துக் கொடுத்ததை வாங்கிக்கொள்வார். கொடுக்க இல்லாதவனிடம் கேட்கமாட்டார். மருத்துவிச்சி நள்ளிரவில் அழைத்தாலும் விளக்கோடு புறப்படுவாள். இத்தகைய மண்ணில் அன்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சம் இருந்தது, புதிய நோய்களுக்கும் பழைய கொள்ளை நோய்களுக்கும் ஈடுகொடுக்கும் புதிய அறிவுக்கே. அந்த அறிவை ஒரு மக்கட் கூட்டத்துக்கு எவ்வாறு கொடுப்பது? இதற்கு விடைதேட நாம் மானிப்பாய்க்குச் செல்லவேண்டும்.

மானிப்பாய் தந்த பாடம்

அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் என்னும் ஊரிலே 1822 ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. மறு ஆண்டில் மானிப்பாயிலே அமர்ந்து, நோயாளரைப் பார்த்ததோடு மாணாக்கரையும் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1857 இல் தாயகம் சென்று, 1862 இல் மீண்டும் வந்து, 1873 வரை இருந்தார். வாந்திபேதி யாழ்ப்பாணத்தைச் சூறையாடிய காலங்களில் அவரும் அவருடைய மாணாக்கரும் ஊர் ஊராகச் சென்று பணிசெய்தனர். அவர் சமயம் பரப்பவும் வந்தவர். அதை மறைக்க வேண்டியதில்லை. அவருடைய சமயத்தை ஏற்காதவர்களும் அவருடைய மருத்துவத்தை ஏற்றனர் என்பதும் உண்மையே.

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றுத் தேறியவர்களோ ஆங்கிலம் தந்த வாய்ப்பினால் அரசாங்க உத்தியோகத்தையும் பெருஞ் சம்பளத்தையும் நாடி வெளியூர்களுக்குப் போயினர். ஊர் பழையபடி வைத்தியரின்றி நின்றது. இதைக் கண்ட கிறீன் பயிற்சிமொழியைத் தமிழாக மாற்றினார். தமிழில் மருத்துவம் கற்றவன் தமிழ்க் கிராமத்திலே தங்குவான், தன் மக்களோடு வாழ்ந்து அவர்களுக்கே பயன்படுவான் என்பது அவருடைய கணிப்பு. மொழிப்பற்றினால் மட்டும் எழுந்த முடிவன்று இது. நோயாளியின் பக்கத்தில் யார் நிற்கப்போகிறார் என்ற கவலையிலிருந்து பிறந்தது.

தமிழிற் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டுமே! 1852 ஆம் ஆண்டில் உடலமைப்பையும் உடலின் தொழிலையும் சுகம் பேணும் முறையையும் கூறும் ஒரு நூலை வெளியிட்டார். 1857 இல் ‘பிரசவ வைத்தியம்’ வந்தது. பின்னர் ‘இரண வைத்தியம்’, 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, அதே ஆண்டில் ‘வைத்தியாகரம்’, 1875 இல் ‘கெமிஸ்தம்’, 1883 இல் ‘மனுஷ சுகரணம்’ என்று நூல்கள் தொடர்ந்தன. அவரும் அவருடைய மாணாக்கரும் ஆக்கிய பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. ஒரு சொல்லுக்கு முதலில் தமிழிலே பெயர் உண்டா என்று தேடுவது, இல்லையேல் வடமொழியை நாடுவது, அங்கும் கிடையாவிட்டாலே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கொண்ட ஒழுங்கு. இவருடைய பணியைக் கவிஞர் அம்பி ஆராய்ந்து ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலாக 1967 ஆம் ஆண்டில் அளித்தார்.

அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைக் கிறீன் உருவாக்கினார். அவர்களுள் முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழிலேயே பயின்றவர்கள். அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியாலும் பொதுமக்களின் நன்கொடையாலும் 1850 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே தோன்றிய வைத்தியசாலை, இடுக்கணில் உதவும் நண்பர் சங்கம் எனப் பொருள்படும் பெயருடைய ஒரு சங்கத்தினால் நடத்தப்பட்டது. அதிலே பணியாற்றியவர்கள் கிறீனிடம் பயின்றவர்கள். இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை அதன் வழிவந்ததே.

1884 ஆம் ஆண்டு தம் ஊரிலே கிறீன் காலமானார். தமிழருக்கு ஊழியம் புரிந்த மருத்துவர் என்ற பொருளிலே தம் கல்லறையில் பொறிக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். ஆயின் அவர் தொடக்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. 1870 இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரியின் மொழி ஆங்கிலமாயிற்று. உத்தியோகத்துக்கு வழி அதுவேயாயிற்று. ஆசிரியர் போனபின் நூல் நின்றது. நூலைக் கற்பிக்கும் கூடம் நிற்கவில்லை. நம் தராசில் கிறீனின் தட்டு மிகவும் தாழ்கிறது. ஆனால் அதை ஏந்தி நிற்க நாம் ஒரு கை கொடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

பருப்புத் துரை

அடுத்து 1934 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு இலங்கையின் ஈரவலயத்தில் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, மணற்படுக்கையில் ஆங்காங்கே நீர் தேங்கிற்று. மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு அத்தகைய தெளிந்த குட்டைகளே தொட்டில். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் மடிந்தன. ஈச்சிலம்பற்றுப் போன்ற வறண்ட பகுதி மக்களுக்கு மலேரியா ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. ஈரவலயத்து மக்களுக்கோ அது புதிய பகைவன்.

அப்போது சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் தொண்டர்களாகக் கிராமங்களுக்குச் சென்றனர். சூரியமல் என்பது நம்முடைய பூவரசம்பூ. கொயினா மருந்தைக் கொண்டுசென்ற அவர்கள், நோயோடு பசியையும் கண்டார்கள். பசித்த உடலுக்குள் மருந்து சென்று என்ன செய்யும்? எனவே பருப்பும் கொடுத்தார்கள். அத்தொண்டருள் ஒருவரான என். எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மகாத்மயா’ என்று அழைத்தனர். பருப்புத் துரை என்று நாம் சொல்லலாம். மருத்துவரான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அப்பணியில் முன்னின்றார்.

இவர்கள் அறிவை மக்களிடம் விட்டுவந்தார்களோ இல்லையோ, மக்களிடமிருந்து ஓர் அறிவைப் பெற்றுவந்தார்கள். இத்தனை பேர் இறந்ததற்கு நுளம்பு மட்டும் காரணமன்று, வறுமையும் காரணம் என்பதே அது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது அதன் தலைவர்களாக நின்றவருள் இத்தொண்டர்களும் இருந்தனர். மருந்து கொடுத்த கை, ஏன் இந்த நிலை என்று கேட்கும் வாயாயிற்று. அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீங்கியது 1951 ஆம் ஆண்டில். இலவச வைத்தியத்தை நமக்குக் கிடைத்த தானமாகவன்றி, உரிமையாக நாம் எண்ணுவதற்கு இத்தகைய கேள்விகள் வழிகோலின.

மலேரியாவின் கதை இன்னொரு பாடத்தையும் தருகிறது. டி.டி.ரி. தெளித்ததனால் 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் மலேரியா கண்டோர் பதினேழு பேராகக் குறைந்தனர். வென்றுவிட்டோம் என்று விழிப்பு தளர்ந்ததும் அதே பதின்ம ஆண்டின் இறுதியில் நோய் இலட்சக் கணக்கானோரைத் தாக்கிற்று. பின்னர் வீடு வீடாகச் சென்று இரத்தம் பரிசோதித்தவர்களின் நெடிய உழைப்பின் பயனாக, 2016 செப்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. போர் நிகழ்ந்த வடக்கிலும் கிழக்கிலுங்கூட அந்த உழைப்பு அறுந்துவிடாமல் நடந்தது. ஒருநாள் வந்து போகும் பெருந்தொண்டினும், நாள்தோறும் வரும் சிறுபணி வலியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உப்பும் வெல்லமும்

1971 ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இலட்சோப இலட்சம் அகதிகள் இந்தியாவுக்குள் வந்தபோது, எல்லைப்புறத்துப் பொங்காவ் முகாமில் வாந்திபேதி பரவிற்று. நரம்பினுள் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலானபிஸ், உப்பும் குளுக்கோசும் சோடாவும் கலந்த நீரைப் பெரிய கொள்கலங்களில் நிரப்பிவைத்து, நோயாளரின் உறவினரே மொண்டு மொண்டு குடிக்கக் கொடுக்குமாறு செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை மாண்ட இடத்தில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. ஊசியும் தாதியும் இல்லாத இடத்தில் தாயும் தமக்கையுமே உழைச்செல்வாராயினர்.

பிறகு வங்கதேசத்தில் பிராக் என்னும் அமைப்பு, 1980 முதல் பத்து ஆண்டுகளில், ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகளுக்குப் பெண் பணியாளரை அனுப்பி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச்சேர் நீர் என்ற கணக்கைத் தாய்மாருக்குக் கற்பித்தது. அங்கே பணியாளருக்குக் கூலி எத்தனை வீட்டுக்குப் போனாய் என்பதைப் பொறுத்ததன்று. சொல்லிக்கொடுத்ததை அத்தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று பின்னர் சோதித்தே கூலி கணக்கிடப்பட்டது. ஆசிரியப் பெருமக்கள் இதனை ஊன்றி நோக்கவேண்டும். கற்பித்ததை அன்று, கற்றதை அளந்தார்கள்! நாம் வாங்கும் ‘ஜீவனி’ப் பொட்டலத்துக்குள் இருப்பதும் அதே அறிவுதான்.

மாறான காட்சியையும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபின் உலகின் கருணை கரைபுரண்டது. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு ஏறத்தாழ நாலாயிரம் தொன் மருந்து வந்து குவிந்தது. அதிற் பெரும்பகுதி அங்கு தேவைப்படாதது. பெயர்ச்சீட்டுகளோ பெரும்பாலும் அவ்வூரார் படித்தறியாத மொழிகளில் இருந்தன. அன்பு கப்பலேறி வந்தது. அறிவு கரையிலே நின்றுவிட்டது.

மூதூரின் பதினேழு பேர்

அந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. திருகோணமலைக் கரையும் அதில் தப்பவில்லை. பிறநாட்டு நிறுவனங்கள் பல வந்தன. அவற்றுள் பட்டினிக்கு எதிரான செயற்பாடு எனப் பொருள்படும் பெயர்கொண்ட பிரெஞ்சு நிறுவனம் ஒன்று மூதூரிலே பணிமனை அமைத்துக் குடிநீர், துப்புரவு வசதிகளுக்காக உழைத்தது. உழைத்த கைகள் நம்மவருடையவை.

2006 ஆம் ஆண்டு யூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதை ஒட்டிப் போர் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூர் போர்க்களமாயிற்று. நகரத்து முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் நடந்தனர். பணிமனையில் அகப்பட்டுக்கொண்ட அந்நிறுவனத்தின் ஊழியர் பதினேழு பேர், ஓகஸ்ட் 4 ஆம் நாள், அந்த வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நால்வர் பெண்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டை அணிந்தபடியே அவர்கள் கிடந்தார்கள். ஆணைக்குழு கூடியது; அறிக்கைகள் வெளிவந்தன. இற்றைவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

அவர்கள் சம்பளம் பெற்றவர்கள்தாமே, தொண்டராவரோ என்று ஒருவர் வினவலாம். சம்பளம் கிணற்றுக்கு உரியது. அவர்கள் கொடுத்த விலை சம்பளப் பட்டியலில் இல்லாதது. வெளியிலிருந்து வருகின்றவனுக்குத் திரும்பிச்செல்ல ஓர் ஊர் உண்டு. உழைச்செல்வான் உள்ளூரானாக இருக்கும்போது, அவனுக்கு வேறு ஊர் இல்லை. அறிவு ஊரிலேயே தங்கவேண்டும் என்று நாம் சொல்வோமாயின், அந்த அறிவைத் தாங்கி நிற்பவனைக் காப்பதும் நம் கடன். அவனுக்கு இழைத்த கொடுமைக்கு நீதி கேட்பதும் நம் கடன். அது இல்லாத இடத்தில் எந்தத் தாய் தன் மகளைத் தொண்டுக்கு அனுப்புவாள்?

அதே போரில் ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலாற்றைத் தாண்டி வாகரைப் பக்கம் ஓடினர். நவம்பர் 8 ஆம் நாள் கதிரவெளிப் பாடசாலையில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மேல் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோர் காட்டுவழியும் கடல்வழியும் மட்டக்களப்பு முகாம்களை அடைந்து, 2007 ஆம் ஆண்டிலே ஊர் திரும்பத் தொடங்கினர். ஓரிடத்திலும் நிலைத்திருக்க இயலாத அம்மாதங்களில் அவர்களோடு நடந்த வைத்தியரும் தாதியரும் மருத்துவமாதரும் பெயர் பெறாமலே வரலாற்றில் மறைந்தனர். உழைச்செல்வான் என்ற பெயர் எழுத்துக்கு எழுத்து அவர்களுக்கே பொருந்தும். பக்கத்தே சென்றார்கள் அல்லவா!

தொண்டர் என்னும் பெயரும் வெறுங்கையும்

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாகவேண்டும். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் படித்த இளைஞரும் யுவதிகளும் ஊதியமின்றிக் கற்பித்தனர். அவர்களைத் தொண்டர் ஆசிரியர் என்றோம். சுகாதாரப் பகுதியிலும் அவ்வாறே சுகாதாரத் தொண்டர் இருந்தனர். தடுப்பூசி நாளைச் சொல்வதும், கருவுற்ற தாய்மாரைத் தேடிப்போவதும், கிணற்றுக்கு மருந்திடுவதும் அவர்களாலே நடந்தன. போர் முடிந்தது. நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் பணிமனை வாயில்களில் அமர்ந்தார்கள். சிலர் வயதெல்லை கடந்துவிட்டது என்ற பதிலையே பெற்றனர்.

தொண்டு என்பது உயர்ந்த சொல். ஆயினும் ஓர் அரசு செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டு, அந்த வெற்றிடத்தில் நிற்பவனைத் தொண்டன் என்று புகழ்ந்தால், அப்புகழ் கடன்காரன் கடன்கொடுத்தவனுக்குச் சூட்டும் மாலையாகும். மாலை வாடிவிடும், கடன் அப்படியே இருக்கும். இருந்து பணிசெய்பவனுக்கு வாழ வழிசெய்யாவிட்டால் அவன் போய்விடுவான். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் கடல்கடந்து சென்றதை நாடு கண்டது. கிறீன் தம் ஆங்கில மாணாக்கரிடம் கண்டதும் இதுவே. ஆகவே தொண்டன் அரசின் கடமைக்குப் பதிலாளாக நிற்கலாகாது. அக்கடமையை நினைவூட்டுபவனாகவும், அது வந்துசேரும்வரை ஊரின் அறிவைக் காப்பவனாகவும் இருக்கவேண்டும்.

நாம் செய்யத்தக்கன

இனி ஈச்சிலம்பற்றைப் போன்ற ஊருக்குச் செல்ல விரும்பும் மாணவர் சங்கமோ வாசகர் வட்டமோ என்ன செய்யலாம்? விடுமுறை நாளில் ஒரு வாகனத்தில் சென்று ஒருநாள் வைத்திய முகாம் நடத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. வரிசையில் நின்ற முதியவரின் குருதியமுக்கத்தைப் பார்த்து, சீனி கூடியிருக்கிறது என்று சொல்லி, இரண்டு வாரத்துக்கு மாத்திரை கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். மூன்றாம் வாரம் அம்முதியவர் என்ன செய்வார்? முகாமிலே கண்டறிந்தோரின் பெயர்களை அவர்களின் இசைவோடு அவ்வூர் வைத்தியசாலையின் கிளினிக்கில் சேர்ப்பித்து, அடுத்த தவணைக்கு அழைத்துச்செல்ல ஊரிலே ஒருவரைப் பழக்கிவிட்டு வந்தால், அந்த ஒருநாள் முகாமும் நீண்டநாள் தொண்டாகிவிடும்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர் என்றும், நானூறுக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்றும் வீடுவீடாக நடந்த கணக்கெடுப்பொன்று காட்டிற்று. கடிபட்ட இடத்தைக் கீறாதே, இறுகக் கட்டாதே, அவயவத்தை அசைக்காதே, தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோ என்ற நான்கு கட்டளைகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். 1990 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமின்றி நோயாளர் வண்டி வரும் என்பதும் அவ்வாறே. வெள்ளம் வடிந்தபின் வயலில் இறங்குவோரைத் தொற்றும் எலிக்காய்ச்சலின் குறிகளும், ஜீவனியைக் கரைக்கும் முறையும் அத்தகையனவே. ஒரு பாடசாலையில் இவற்றைக் கற்ற நாற்பது பிள்ளைகள் நாற்பது வீடுகளில் உழைச்செல்வார் ஆவர். பிராக் செய்ததுபோல ஒரு மாதம் கழித்து அப்பிள்ளைகளின் தாய்மாரைக் கேட்டுப் பார்ப்பதே நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் தேர்வு.

மொழி இன்னொரு பணி. கிழக்கின் எல்லைப்புற வைத்தியசாலைகளுக்குத் தமிழறியாத இளம் வைத்தியர் நியமிக்கப்படுவது உண்டு. அவர்கள் அன்பில் குறைந்தவரல்லர். நெஞ்சு எரிகிறதா, நெஞ்சு நோகிறதா, நெஞ்சை அடைக்கிறதா என்பவற்றின் வேறுபாட்டை அவர்களுக்கு யார் உணர்த்துவது? இருமொழியும் அறிந்த ஒருவர் வெளிநோயாளர் பிரிவில் நோயாளியின் பக்கத்தே அமர்ந்தால், மருந்துச் சாலையில் இல்லாத ஒரு மருந்து அங்கே கிடைத்துவிடும். மாத்திரை உறையிலே காலை, மாலை, உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்று தமிழில் எழுதிக் கொடுக்கும் கையும் வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கர் ஒருவர் நாலாயிரம் பக்கம் தமிழில் ஆக்கினார். நாம் நாலு வரி எழுதமுடியாதா?

இவற்றுள் எதுவும் பெரிய காரியமன்று. பத்திரிகையில் பெயர் வரும் காரியமுமன்று. மருத்துவனைப் புகழ்வோர் பலர். மருந்தைப் புகழ்வோரும் உளர். நான்காம் கூற்றில் நிற்பவனை ஊர் அறியும், நோயாளி அறிவான். அதற்குமேல் அவனுக்கு விளம்பரம் இல்லை. அவன் ஊரிலேயே இருக்கவும், அறிவோடு இருக்கவும், அச்சமின்றியும் பசியின்றியும் இருக்கவும் நாம் வழிசெய்தோமா என்பதே ஈச்சிலம்பற்று நம்மிடம் கேட்கும் கேள்வி. அடுத்த விடுமுறைக்கு அங்கே புறப்படும் மாணவர்கள் மருந்துப் பெட்டியோடு ஒரு கரும்பலகையையும் கொண்டுசெல்வார்களாக.